பிரேக் போட்டேன் என்று சொன்னவர்

பயிற்சி மையத்தில் இப்போது வேலை பார்க்கிற பிள்ளைகள் என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “உங்க சர்வீஸ்ல ரொம்பப் படுத்தின கோளாறு எது மேடம்?” புகை வந்தது, கார்டு எரிந்தது என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். அதெல்லாம் ஒரு பொழுதில் முடிந்துவிடுகிற வேலை. எரிந்தது எரிந்தபடியே கிடக்கும், தேடினால் கிடைத்துவிடும். என்னைப் படுத்தியது, நான் பார்க்கும்போதெல்லாம் இல்லாமல் போன ஒரு கோளாறு. இரண்டு பேருடைய பிழைப்பில் அது கை வைத்துவிட்டது.

நான் ரயில் ஓட்டியவள் இல்லை. ரயில் ஓட்டுகிற லோகோ பைலட்டுகள் பயிற்சி எடுக்கும் சிமுலேட்டரைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. சொந்த ஊர் படவேடு. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, சிக்னல் பிரிவில் சேர்ந்து, ரிலே அறைகளின் புழுக்கத்தில் பாதி சர்வீஸ் போனது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் பயிற்சி மையம் வந்தபோது, வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகவே மாறுதல் கேட்டேன். சிமுலேட்டரை அதற்கு முன் நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

ஓர் எஞ்சினின் முன்னறையை அப்படியே வெட்டி எடுத்து ஒரு பெரிய கூடத்துக்குள் வைத்தது போலிருக்கும். கண்ணாடிக்கு வெளியே தண்டவாளத்துக்குப் பதிலாகத் திரை. அறைக்கு அடியில் கால்கள் உண்டு. பாதை கீழே இறங்கினால் அறை முன்பக்கம் குனியும், வளைவில் பக்கவாட்டில் சாயும். உள்ளே உட்கார்ந்தவருக்கு இது நிஜ ரயில் இல்லை என்பது சிறிது நேரத்தில் மறந்துபோகும். பவர் கொடுக்க ஒரு கைப்பிடி, பிரேக் போட ஒரு கைப்பிடி. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சென்சார். கைப்பிடி எங்கே நிற்கிறதோ அதற்குத் தக்க மின்னழுத்தம் கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். நிஜ ரயிலில் பிரேக் என்றால் காற்று. இங்கே காற்றே கிடையாது. எதிரில் இருக்கும் பிரஷர் முள்ளைக்கூடக் கம்ப்யூட்டர்தான் ஏற்றி இறக்கும். பிரேக் போட்டால் முள் இறங்கும், விடுவித்தால் ஏறும். கைப்பிடி சொல்வதைக் கம்ப்யூட்டர் நம்பும். கம்ப்யூட்டர் சொல்வதை வெளியே உட்கார்ந்திருக்கும் நாங்கள் நம்புவோம்.

எங்கள் தலைமைப் பயிற்றுநர் தாமோதரன் சார். பல வருஷம் சரக்கு ரயில் ஓட்டிவிட்டு வந்தவர். குரல் உயர்த்த மாட்டார். எதிரில் நிற்பவர் காதைக் கூர்மையாக்கிக் கேட்கிற அளவுக்கு மெல்லப் பேசுவார். ‘இருக்கலாம்’ என்ற வார்த்தை மட்டும் அவரிடம் செல்லாது. “இருக்கா, இல்லையா? தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அதுவும் பதில்தான்” என்பார்.

நான் சேர்ந்த புதிதில் பவர் கைப்பிடி தகராறு செய்தது. நாலாவது நாட்ச், அதாவது நாலாவது படி வரைக்கும் பவர் ஏறும், அதற்கு மேல் நின்றுவிடும். நான் சென்சாரைக் கழற்றிப் புதிது போட்டேன். பவர் கடைசி நாட்ச் வரை ஏறியது. பெருமையாகப் போய்ச் சொன்னேன்.

“பழசு எங்க?”

“என் டேபிள்ல இருக்கு சார்.”

“அதையே திருப்பிப் போடுங்க.”

போட்டேன். பழைய சென்சாரிலும் பவர் ஒழுங்காக ஏறியது. கெட்டுப்போனது சென்சார் இல்லை, அது உட்காரும் சாக்கெட். நான் கழற்றி மாட்டியதில் அது தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் கொஞ்ச நாளில் மறுபடி வந்திருக்கும். அதற்குப் பிறகு அவர் எனக்கு வைத்த ஒழுங்கு இதுதான். ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் கோளாறை வரவழைக்க வேண்டும். ஒரு தடவை தற்செயலாக வரும். நாம் கூப்பிடும்போதெல்லாம் வந்தால்தான் அது நமக்குப் பிடிபட்டிருக்கிறது. சரிசெய்த பிறகு பழையபடி கெடுத்துப் பார்த்து, கோளாறு திரும்புகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முருகேசன் மதிப்பீட்டுக்கு வந்தது ஒரு மழைக்காலத்தில். கண்ணமங்கலத்துக்காரர், சரக்கு ரயில் லோகோ பைலட். நிஜப் பாதையில் ஒரு சிவப்பு சிக்னலுக்கு மிக நெருக்கத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். தாண்டவில்லை. ஆனாலும் கேள்வி எழுந்து, மதிப்பீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தேறாவிட்டால் எஞ்சினை விட்டு இறங்க வேண்டியதுதான். அவரை மதிப்பிடத் தலைமையிடத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்திருந்தார்.

மலைப்பாதை ஓட்டுநர்களுக்கென்று ஒரு பாடம் வைத்திருந்தோம். சுமை ஏற்றிய சரக்கு ரயில், நீண்ட இறக்கம், இறக்கத்தின் நடுவில் இடப்பக்க வளைவு, வளைவு முடிந்ததும் சிவப்பு சிக்னல். எஞ்சினின் மின்சார பிரேக் கெட்டுவிட்டதாகப் பாடத்தில் அமைத்திருப்போம். காற்று பிரேக்கை மட்டும் வைத்து இறக்க வேண்டும்.

முருகேசன் நன்றாகத்தான் தொடங்கினார். இறக்கம் வருவதற்கு முன்பே பவரை ஒவ்வொரு நாட்சாகக் குறைத்தார். கொஞ்சம் பிரேக் போட்டு வேகத்தைப் பிடித்தார். வளைவில் நுழைந்ததும் எங்கள் திரையில் பிரேக் கைப்பிடி ‘ரிலீஸ்’, அதாவது பிரேக்கை விடுவித்தாயிற்று என்று காட்டியது. வேகம் ஏறியது. அவர் எதுவும் செய்ததாகத் திரையில் தெரியவில்லை. சிவப்பு கண்ணில் பட்ட பிறகு எமர்ஜென்சி பிரேக். வண்டி சிக்னலைத் தாண்டிப் போய் நின்றது.

“கண் அசந்துட்டாரு. சிவப்பைப் பாத்து முழிச்சிருக்காரு” என்றார் அதிகாரி.

முருகேசன் இறங்கி வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“பிரேக் போட்டேன் சார். முள்ளு எறங்குச்சு. வளைவுல தானா மேல ஏறிச்சு. இன்னும் கொஞ்சம் போட்டேன், அப்பவும் ஏறுது. இன்னா பண்றதுன்னே தெரியல. கடைசியில எமர்ஜென்சி போட்டேன்.”

“கைப்பிடி ரிலீஸ்ல இருந்ததா ரெக்கார்டு காட்டுது.”

“நான் ரிலீஸ் பண்ணவே இல்ல சார்.”

அதிகாரி பதிவை ஓட்டிக் காட்டினார். முருகேசன் அதைப் பார்த்தபடி நின்றார். 

தாமோதரன் சார் என்னைத் தனியே அழைத்தார். “நாளைக்கு மத்தியானம் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடணும். கோளாறு இருக்கா இல்லையான்னு அதுக்குள்ள சொல்லுங்க.”

“சார், பவரை அவ்வளவு ஒழுங்கா குறைச்சவரு, வளைவுக்குள்ள போனதும் தூங்கிடுவாரா?”

“சந்தேகப்பட அது போதும். மாத்தி எழுத அது போதாது.”

அறையைச் சமமாக நிறுத்தி, கால்களைப் பூட்டி, கைப்பிடிகளுக்குக் கீழே கம்பிகளை மூடியிருந்த பலகையைத் திறந்தேன். பிரேக் கைப்பிடியை மெல்ல நகர்த்தினேன். மின்னழுத்தம் வழுவழுப்பாக ஏறி இறங்கியது. வேகமாக நகர்த்தினேன், தட்டினேன், கம்பிகளை ஆட்டினேன். ஒரு குறையும் இல்லை. எமர்ஜென்சிக்குத் தனி ஸ்விட்ச், தனிக் கம்பி. அதுவும் சரி. அதே பாடத்தை ஓட்டி நானே பிரேக் போட்டேன். வண்டி சொன்னபடி நின்றது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும் நின்றது.  இயந்திரம் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால், முருகேசன் பொய் சொல்கிறார் என்று சொன்னதாகத்தான் ஆகும்.

வெளியே வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்தார். போனில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார். “ம், சாப்ட்டேன். நாளைக்கு முடிஞ்சிரும். வந்து சொல்றேன்.” அதோடு வைத்துவிட்டார்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அண்ணே, ரெக்கார்டை விடுங்க. வளைவுல உங்களுக்கு என்ன ஆச்சோ அதை மட்டும் சொல்லுங்க.”

என்னை நிமிர்ந்து பார்த்தார். இவளும் அவர்கள் ஆள்தானே என்ற பார்வை. பிறகு கையை நீட்டி, கைப்பிடி அங்கே இருப்பது போலவே பிடித்துக் காட்டினார்.

“இப்டி போட்டுட்டு முள்ளப் பாத்துனே வர்றேன் மேடம். எறங்கி நிக்குது. அப்புறம் வண்டி எடப்பக்கம் சாஞ்சுது இல்ல, அப்பதான் ஏற ஆரம்பிச்சுது.”

“சாஞ்சப்பவா?”

“ஆமா. குனிஞ்சு சாஞ்சுது. அப்பத்தான்.”

 அதுவரை நான் சோதித்தது முழுக்கச் சமமாகப் பூட்டி வைத்த அறையை. பலகை திறந்திருந்தால் கால்கள் அசையாது. உள்ளே ஆள் கையை விட்டிருக்கும்போது அறை சாய்ந்தால் நசுங்கிவிடுவார் என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. மாதாந்திரச் சோதனைகளும் அப்படித்தான் நடக்கும். கோளாறு சாய்வில் மட்டும் வருவதென்றால், கருவியைக் கையில் எடுத்த யாருக்குமே அது அகப்பட வழியில்லை.

பலகையை மூடி வைத்தபடியே உள்ளே அளக்க வேண்டும். பிரேக் கம்பியில் கைப்பிடிப் பக்கம் ஒரு ஜோடி சோதனைக் கம்பியைக் கட்டினேன். அதே கம்பி கம்ப்யூட்டர் கார்டில் போய்ச் சேரும் பக்கம் இன்னொரு ஜோடி. எங்கும் மாட்டாதபடி இரண்டையும் அறைக்குள் கொண்டுவந்து, உதவி ஓட்டுநர் இருக்கையில் இரண்டு மீட்டர்களை வைத்தேன். பலகையை மூடிப் பூட்டினேன். தாமோதரன் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் குனிந்து பார்த்தார், பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

இறக்கம் தொடங்கியது. அறை குனிந்தது. உதவி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்த என் மடியில் இரண்டு மீட்டர்கள், இரண்டிலும் ஒரே எண். வளைவு வந்தது, சாய்ந்தோம். இரண்டு எண்களும் சேர்ந்தே நகர்ந்தன. சிவப்புக்கு வெகு தூரத்திலேயே வண்டி நின்றது. மறுபடி ஓட்டினோம். அதேதான்.

அதிகாரி வெளியிலிருந்து மைக்கில் கேட்டார். “முடிஞ்சுதா?”

தாமோதரன் சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவசரம் இல்லை.  முருகேசன் ஓட்டியதற்கும் இவர் ஓட்டுவதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். வேகம். இவர் முன்கூட்டியே அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் ஊர்ந்து போகிறார். வேகம் குறைவாக இருந்தால் அறை சாய்வதும் குறைவு.

“சார், நீங்க ரொம்ப ஜாக்கிரதையா ஓட்றீங்க. பாதையில அனுமதிச்ச வேகத்துலயே வளைவுக்குள்ள வாங்க. அவர் அப்படித்தான் வந்தாரு.”

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போனது. மூன்றாவது முறை இறங்கினோம். பிரேக் போட்டார், முள் இறங்கி நின்றது. வளைவு வந்தது. அறை குனிந்து, இடப்பக்கம் நன்றாகச் சாய்ந்தது. கைப்பிடிப் பக்கத்து மீட்டர் அசையவில்லை. மற்றது பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தது.

“சார்.”

“பாக்கறேன்” என்றார். அவர் கண் முள்ளில் இருந்தது. அவர் கைப்பிடி பிரேக்கில் இருக்க, அவர் கண் முன்னாலேயே முள் மேலே ஏறியது. பூஜ்யம் என்றால் ரிலீஸ் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கம்பி அறுந்ததா, ஓட்டுநர் பிரேக்கை விடுவித்தாரா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வேகம் ஏறியது. அவர் இன்னும் அழுத்தினார். எதுவும் நடக்கவில்லை. சிவப்பு வந்தது, கடந்தது. எத்தனையோ வருஷம் எஞ்சினில் இருந்த அந்த மனிதரின் நெற்றியில் வியர்வையைப் பார்த்தேன்.

“மறுபடியும்” என்றார். மறுபடியும் வந்தது. இன்னொரு தடவை அதிகாரியை உள்ளே உட்கார வைத்து ஓட்டினார். அப்போதும் வந்தது.

கால்களைப் பூட்டித் திறந்தோம். சில மாதங்களுக்கு முன் கால்களைச் சர்வீஸ் செய்ய வெளியிலிருந்து ஒப்பந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். தொங்கிக்கொண்டிருந்த கேபிள் கற்றை அழகாக இருக்கட்டும் என்று, யாரோ அதைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அறை குனிந்து இடப்பக்கம் சாயும்போது கற்றை இழுபட்டு, கனெக்டருக்குள் ஊசி மாதிரி இருக்கும் ஒரே ஒரு பின் நழுவிக்கொண்டிருந்தது. சமமாக நிறுத்தினால் அது திரும்பப் போய் ஒட்டிக்கொள்ளும். பின்னை மாற்றினேன். சட்டத்தோடு கட்டியிருந்ததை வெட்டிவிட்டு, கேபிளுக்குத் தளர்வு கொடுத்தேன். எங்கள் வழக்கப்படி பழைய பின்னைத் திரும்பப் போட்டு, கேபிளை முன்போல இறுக்கிக் கட்டிக் கோளாறு வருகிறதா என்று பார்த்து, மறுபடி சரிசெய்தேன்.

முருகேசனை மீண்டும் ஏற்றினார்கள்.  வளைவில் அறை சாய்ந்தது, திரையில் கைப்பிடி பிரேக்கிலேயே நின்றது. வண்டி சிவப்புக்கு முன்னால் வந்து நின்றது. அவர் கொஞ்ச நேரம் கைப்பிடியை விடவே இல்லை.

கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதிகாரி பையை எடுத்துக்கொண்டு, “நல்லதாப் போச்சு. இதோட குளோஸ் பண்ணிடலாம்” என்றார்.

“கால்களை சர்வீஸ் பண்ணதுக்கு அப்புறம் இந்தப் பாடத்துல இன்னொருத்தரையும் தேறலைன்னு சொல்லியிருக்கோம்” என்றார் தாமோதரன் சார்.

எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. சடையப்பன். நெல்லிவாசல்நாட்டு மலைக்கிராமத்துக்காரர்.

“அவர் தூங்கிட்டேன்னு அவரே ஒத்துக்கிட்டாரே. விருப்ப ஓய்வு கேட்டு நோட்டீஸும் குடுத்துட்டாரு. அவரா போறாரு, விடுங்களேன்.”

“நோட்டீஸ் காலம் இன்னும் முடியல சார். முடியறதுக்குள்ள அவருக்குத் தெரியணும்.”

 தாமோதரன் சார் அன்றே சடையப்பனுக்குப் போன் போட்டார். மலையில் போன் சிக்னல் கிடைக்கவில்லை. மறுநாள் காலை அவரும் நானும் பஸ்ஸில் மலையேறி, அதற்கு மேல் ஷேர் ஜீப் பிடித்தோம். ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு தாமோதரன் சார் நேராக உட்கார்ந்து வந்தார்.  ஜீப் நின்ற இடத்திலிருந்து சேற்றில் நடந்தோம்.

சடையப்பன் வீட்டை ஒட்டிய சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டார். ஏதோ விசாரணைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போனது. மனைவி வாசலில் பாய் விரித்தார். தாமோதரன் சார் உட்காரவில்லை.

“சடையப்பன், நீங்க அன்னிக்கு பிரேக் போட்டீங்க. கோளாறு மெஷின்ல. நேத்து கண்டுபிடிச்சோம். நானே உக்காந்து ஓட்டிப் பாத்தேன். எனக்கும் முள்ளு ஏறிச்சு.”

சடையப்பன் தலையை ஆட்டினார். “இல்ல சார். நான் தூங்கிட்டேன்.”

“தூங்கினது ஞாபகம் இருக்கா?”

“பிரேக் போட்டதுதான் சார் ஞாபகத்துல கீது. ஆனா கை ரிலீஸ்ல கீதுன்னு ரெக்கார்டுல ஓட்டிக் காட்னாங்க. அப்போ நான் பிரேக் போட்ட மாதிரி கனா கண்டுட்டு வந்திருக்கேன்னு நெனச்சேன். கண்ணத் தொறந்துனே தூங்குறவன் எப்டி சார் ரயில ஓட்றது? பின்னால எத்தினி ஜனம் வரும்.”

நான் அவர் எதிரில் உட்கார்ந்து, எந்தக் கம்பி, எந்தப் பின், எப்போது விட்டுப்போனது என்று தரையில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். கூர்ந்து பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, “சாயும்போது மட்டுமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். சத்தம் வரவில்லை, தோள்கள் மட்டும் குலுங்கின.

நோட்டீஸைத் திரும்பப் பெறும் வழியைத் தாமோதரன் சார் விளக்கினார். அடுத்த வாரமே அவர் மையத்துக்கு வந்து மறுபடி ஓட்டித் தேறினார். மறுபடி எஞ்சினில் ஏறி, நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். கைப்பிடியிலிருந்து சிக்னல் வராவிட்டால் ‘ரிலீஸ்’ என்று காட்டாமல் ‘கோளாறு’ என்று காட்டும்படி சிமுலேட்டரை மாற்றவும் வைத்தோம். மாதாந்திரச் சோதனை அதற்குப் பிறகு சாய்வில்தான் நடந்தது.

ஆனால் பிள்ளைகள் கேட்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது இதெல்லாம் இல்லை. அன்று மலையிலிருந்து கிளம்பத் தயாரானபோது, அதுவரை வாசற்படியில் நின்றே கேட்டுக்கொண்டிருந்த சடையப்பனின் மனைவி முன்னால் வந்தார். வேலையைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. சுவரோரம் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த பைக்கைக் காட்டினார்.

“அன்னிலேர்ந்து இவரு அத தொடவே இல்லீங்க. வழியில தூங்கிடுவேனோன்னு பயம். புள்ளைங்க ரெண்டும் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போய்ட்டு வருதுங்க. இனிமே இவரு அதுங்கள ஏத்திக்கினு போலாமா சார்?”

தாமோதரன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“போலாம்மா. தாராளமா போலாம்.”

சடையப்பன் எழுந்து போய்த் தார்ப்பாயை இழுத்தார்.